சி படிவம்

வெளிநாட்டார் வந்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள்
சி படிவம் ஏற்ற வேண்டும்.
பெயர்: லூ யான்ஃபெய். பெண். வயது நாற்பத்தொன்று.
வந்த காரணம்: சுற்றுலா.
இதற்கு முன் தங்கிய ஊர்: அம்பாந்தோட்டை.
தொழில் என்ற கட்டத்துக்கு அவள் சொன்னதை
அவள் கைபேசி இப்படித் தமிழாக்கியது:
"நான் வராத பணங்களின் அதிகாரி."
வங்கி ஊழியர் என்று அடித்தேன்.

கானாடுகாத்தானில் எங்கள் விடுதி.
எங்கள் என்றால், என்னுடையதில்லை.
வீடு இருபத்தாறு பங்காளிகளுடையது.
ஓடு மாற்ற ஆளுக்கு ஒரு லட்சம் போட முடியாமல்
மும்பைக் கம்பெனிக்கு முப்பது வருடக் குத்தகை.
படைப்புக்கு மட்டும் வருடத்தில் இரண்டு நாள்
வீடு அவர்களுக்கே என்று பத்திரத்தில் ஒரு வரி.
அந்த இரண்டு நாளும் நான் பில் போடுவதில்லை,
மினரல் வாட்டர் தவிர.

வருகிறவர்கள் தூணைத் தடவுவார்கள்,
நிலைக்கண்ணாடி முன் நின்று படமெடுப்பார்கள்.
இவள் வளவில்
கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்த பேரேட்டின் முன்
முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

மேலே பிள்ளையார் சுழி. சிவமயம்.
பியாப்பொன் கடை, 1931.
பற்று, வரவு, நடப்பு வட்டி என்று ஓடிவந்த எழுத்து
ஓரிடத்தில் மட்டும் ரூபாயை விட்டுவிட்டு
நிலம் வரவு, ஏக்கர் ௱௰௨
என்று நின்றிருந்தது.
நூற்றுப் பன்னிரண்டு, என்று வாசித்துச் சொன்னேன்.

கைபேசி கேட்டது:
"நிலம் எப்படி நடந்து இங்கே வந்தது?"
நெல் விலை விழுந்தது. வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை.
"பிடுங்கத்தான் கொடுத்தார்களா?"
இல்லை என்றேன், பார்த்த மாதிரி.
கொடுத்தவருக்கு வேண்டியது வட்டி, சேறு இல்லை.
ஆனால் அடமானத்தில்
சேற்றைத்தானே எழுதி வாங்கினார்.

அவள் சிரித்தாள்.
அதைக் கைபேசி தமிழாக்கவில்லை.

அப்புறம் அவளே பேசினாள், நிறுத்தி நிறுத்தி,
இயந்திரத்துக்கு வழிவிட்டு:
"துறைமுகத்துக்குக் கப்பல் வரும் என்று
நாங்களும் நம்பினோம். கூட்டல் சரியாக இருந்தது.
கப்பல்தான் கணக்குப் படிக்கவில்லை.
இப்போது தொண்ணூற்றொன்பது வருடம்.
ஒரு தலைநகரில் அதைக் கண்ணி என்கிறார்கள்.
என் தலைநகரில் நட்பு.
நான் ஒரு தாளில் ஒரு தவணைத் தேதியைத் தள்ளி வைக்கிறேன்.
எங்கோ ஒரு சபையில்
தூக்க வேண்டிய கை ஒன்று மடியிலேயே இருந்துவிடுகிறது.
நான் யாரையும் மிரட்டியதில்லை.
எனக்கு அல்சர் இருக்கிறது."

மோர் கொண்டுவரச் சொன்னேன்.

"பிறகு அந்த நிலம்?"
ஜப்பான்காரன் குண்டு போட்டான்.
நடந்தே ஊர் வந்தவர்கள் உண்டு, வழியில் நின்றவர்கள் உண்டு.
அப்புறம் அந்த நாட்டு சர்க்கார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது.
நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர்
இந்தப் பக்கத்தில் இன்னும் வரவில்தான் இருக்கிறது.
யாரும் கழிக்கவில்லை.

அவள் பேனாவைத் தேடுகிறவள் போல
சட்டைப் பையைத் தொட்டாள்.

அவள் கிளம்பிப் போன மறுநாள் காலை
காரைக்குடியிலிருந்து உளவுப் பிரிவு ஏட்டு மாயழகு வந்தார்.
ஒரு டீ. அப்புறம் நோட்டு.
"சீனாக்காரி என்ன கேட்டா?"
வட்டி கேட்டாங்க.
"யார்ட்ட?"
யார்ட்டயும் இல்ல சார், அந்தக் காலத்து வட்டி.
"எவ்வளவு?"
மாசம் ஒண்ணேகால்.
எழுதினார். எழுதியதை ஒருமுறை பார்த்தார்.
"ஒண்ணேகாலா" என்றார், மெதுவாக.
"எனக்கு வீட்டுக்கு மூணு போகுதும்மா."

வருகைப் பதிவேட்டில் அவள் எழுதிப்போன ஒற்றை வரியைப்
பல கோணத்தில் படமெடுத்தார்.
மேலே அனுப்ப வேண்டுமாம்.
என் கைபேசியைக் காட்டிப் பார்த்தோம்.
"வீடு மிகவும் திடமானது. மோருக்கு நன்றி" என்றது.
அவருக்கு நம்பிக்கை வரவில்லை.
எனக்கும்தான், ஏனோ.

வெள்ளிக்கிழமை படைப்பு.
இருபத்தாறு குடும்பமும் வருகிறது.
தண்ணீர் நாற்பது பெட்டி சொல்லியிருக்கிறேன்.